முட்டையாகாத முகங்கள்

வேலை செய்யும் இடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முட்டையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளும் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்ப்பாள். பெயர் வந்த கதை சின்னது. எந்தத் திரையிலாவது படம் பக்கவாட்டில் இழுபட்டு, வட்ட முகமெல்லாம் படுக்க வைத்த முட்டையாகத் தெரிந்தால் அவளால் பொறுக்க முடியாது. "முட்டையாயிடுச்சு, யாராவது பாருங்களேன்" என்று கத்திவிடுவாள். ஒருமுறை காய்ச்சலோடு மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த டிவியில் செய்தி வாசிக்கிறவர் முட்டையாகத் தெரிந்தார். அவள் எழுந்து போய் நர்ஸிடம் ரிமோட் வாங்கி அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அவளுடைய டோக்கனைக் கூப்பிட்டுத் தாண்டிப் போய்விட்டார்கள். டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்தாள். ஆனால் நிம்மதியாக வந்தாள்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய அவமானம் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். விளையாட்டு நாளில் அவள் ஓட்டப்பந்தயத்தில் ஓடியதை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். பழைய கேமராவில் ஏறக்குறையச் சதுரமாக இருந்த அந்தப் படத்தை அகலமான புது டிவியில் அப்படியே இழுத்துப் போட்டுக் காட்டினார்கள். ஓடியவர்கள் எல்லோருமே அகன்றுதான் தெரிந்தார்கள். ஆனால் வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்துத்தான் சிரித்தது. "நான் இவ்வளவு குண்டு இல்ல" என்று அவள் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அன்றைக்குப் பிடித்த வெறுப்பு அது, இன்றைக்கு வரைக்கும் விடவில்லை.

அந்த வெறுப்பே அவளுக்குச் சோறு போட்டது என்றும் சொல்லலாம். விழாக்களுக்கும் கண்காட்சிகளுக்கும் பெரிய திரைச்சுவர் கட்டிக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில், அந்தச் சுவரில் ஓட வேண்டிய வீடியோக்களை அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. அவள் வைத்திருக்கும் மென்பொருளில் வரி வரியாக எதையும் எழுத வேண்டியதில்லை. எல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு பெட்டி வீடியோவை எடுத்து வரும். அடுத்த பெட்டி அதன் அகலத்தையும் உயரத்தையும் அளந்து சொல்லும். இன்னொன்று ஒன்றை மற்றொன்றால் வகுத்து விகிதத்தைக் கொடுக்கும். பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்து இணைத்துவிட்டால், கடைசிப் பெட்டியில் எல்லா வீடியோவும் கட்டம் கட்டமாக வந்து உட்காரும்.

வம்பு அங்கேதான் ஆரம்பிக்கும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ ஒல்லியாக வரும், படுக்க வைத்து எடுத்தது அகலமாக வரும், பழைய கேமராக்காரர்கள் தருவது சதுரமாக வரும். கட்டமோ தன் வடிவத்தில் நிற்கும். உட்கார வைக்க மூன்று வழி உண்டு. ஒன்று, படத்தைக் கட்டத்தின் அளவுக்கு இழுத்துவிடுவது. முகம் முட்டையாகும் வழி இது. அந்தத் திசையில் அவள் தலை வைத்துக்கூடப் படுக்கமாட்டாள். இரண்டாவது, அடக்குவது. முழுப் படமும் கட்டத்துக்குள் அடங்கும், மிச்ச இடம் கறுப்பாகக் கிடக்கும். மூன்றாவது, நிரப்புவது. கட்டம் நிறைகிற வரைக்கும் படத்தைப் பெரிதாக்கி, வெளியே வழிகிறதை வெட்டிவிட வேண்டும். அடக்கினாலும் நிரப்பினாலும் விகிதம் கெடாது, வட்டம் வட்டமாகவே இருக்கும். அதையும் அவள் சும்மா நம்பமாட்டாள். ஒரு வட்டத்தை ஓடவிட்டு, கை வளையலைக் கழற்றித் திரையில் வைத்து ஒத்துப் பார்ப்பாள்.

மற்றவர்கள் எல்லா வீடியோவுக்கும் சேர்த்து ஒரே வழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவள் ஒவ்வொன்றையும் முழுசாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "ஓரத்துல ஆள் இருந்தா நிரப்பாதீங்க. கறுப்பு தெரிஞ்சா தெரியட்டும். ஆளை வெட்டக் கூடாது."

வெளியில் இவ்வளவு கறாராக இருந்தவள், வீட்டில் ஒரே ஒரு சொல்லுக்காக வருடக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்தாள் என்றால் கம்பெனியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

அவளுடைய மாமியார் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியை. வீட்டில் இருக்கும்போதும் மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில்தான் பேசுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் எல்லோரையும் வரிசையாக அறிமுகப்படுத்துவார். அவளிடம் வரும்போது, "இது பெரியவனோட வீட்டுக்காரி" என்பார். என்ன வேலை என்று வந்தவர் கேட்டால், "அது ஏதோ கம்ப்யூட்டர்ல பொட்டி பொட்டியாப் போட்டு கோடு இழுக்குது" என்பார். அடுத்து சின்ன மருமகள் பக்கம் திரும்புவார். முகமே மாறிவிடும். "இவ என் மருமக. பிசியோதெரபிஸ்ட்."

என் மருமக. அந்த இரண்டு வார்த்தைதான் முட்டையக்காவின் வயிற்றில் நெருப்பைக் கட்டியது. அவள் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலம் ஆகிவிட்டது. சின்னவள் வந்து இரண்டு வருஷம். வந்த மறுநாளே அவள் "என் மருமக" ஆகிவிட்டாள்.

லிப்ட் மெக்கானிக்காக இருக்கும் கணவனிடம் ஒருநாள் கேட்டே விட்டாள். "உங்கம்மாவுக்கு நான் யாருங்க?"

"ஏன், என்னாச்சு?"

"என்னை மட்டும் உங்க வீட்டுக்காரின்னு சொல்றாங்க. அவளை என் மருமகன்னு சொல்றாங்க."

"அது ஏதோ வாய் தவறி வர்றதா இருக்கும். இதையெல்லாம் போய் கணக்குல எடுத்துக்கிட்டு."

"கல்யாணம் ஆன நாள்லருந்தா வாய் தவறுது?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். நடுவழியில் நின்ற லிப்ட் என்றால் ஏதாவது செய்திருப்பான்.

அந்தச் சமயத்தில்தான் மாமியாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்தாறு மாதம் பிடிமானம் இல்லாமல் நடக்கக் கூடாது என்றார்கள். தினமும் காலையில் சின்னவள் மாமியாரின் கையைப் பிடித்து, முதுகில் இன்னொரு கையைக் கொடுத்து, வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனாள். அவள் புருஷன், அதாவது முட்டையக்காவின் கொழுந்தன், அதைக் கைபேசியில் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினான். "சின்ன மருமக கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்" என்று பதில் மேல் பதில் வந்து குவிந்தது. ஆஸ்பத்திரியில் மாமியார் பக்கத்தில் துணைக்குப் படுத்ததும், கட்டோடு இருந்தவருக்கு உடம்பு துடைத்துவிட்டதும், துணி அலசிப் போட்டதும் பெரியவள்தான். துணி அலசுவதை யார் வீடியோ எடுப்பார்கள்?

அவளுக்கு வந்தது பொறாமை. வருத்தம், ஆதங்கம் என்று வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக இதில் ஒன்றும் இல்லை. சின்னவள் சிரித்தால் எரிந்தது, பேசாமல் இருந்தால் அதுவும் எரிந்தது. "அக்கா, உங்களுக்கும் சேர்த்து டீ போடட்டுமா?" என்று கேட்டாலும் எரிந்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். கெட்டவளாக இல்லையே என்பதுதான் பெரிய கோபம்.

மாமியார் கால் தேறி வருகிற நேரத்தில் பணி ஓய்வும் வந்தது. பள்ளிக்கூட அரங்கத்தில் பெரிய விழா, மேடைக்குப் பின்னால் திரைச்சுவர். பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வீடியோ அனுப்புவார்கள், எல்லாம் அதில் ஓட வேண்டும். அந்த வேலை அவளுடைய கம்பெனிக்கே வந்தது. முதலாளி, "உங்க மாமியாருக்கு நீங்க செய்யாம வேற யார் செய்யறது?" என்று அவளிடமே கொடுத்துவிட்டார். அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். வீடியோ ஓடி முடிந்ததும் மாமியார் மைக்கைப் பிடிப்பார். குடும்பத்தைப் பற்றிப் பேசுவார். அத்தனை பேர் முன்னால் தன்னை என்னவென்று சொல்வார்? அன்றைக்கும் பெரியவனோட வீட்டுக்காரிதானா? ஊர் கூடி நிற்கும்போதே வராத சொல் அதற்கப்புறம் எங்கே வரப்போகிறது?

கொழுந்தன் போன் செய்தான். "அண்ணி, அம்மா நடக்கற வீடியோ மொத்தமும் அனுப்பியிருக்கேன். நல்லாப் பெருசாப் போடுங்க."

மதிய வேளையில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் அவற்றைத் திறந்தாள். எல்லாமே அகல வாக்கில் எடுத்தவை. எல்லாவற்றிலும் நடுவில் மாமியார், இடது ஓரத்தில் சின்னவள். வாசலில் சின்னவள், தெருமுனையில் சின்னவள், மழைக்கு ஒதுங்கி நின்று இருவரும் சிரிக்கிற இடத்தில் சின்னவள். அவளுடைய முறைப்படி பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஓரத்தில் ஆள் இருக்கிறது, அடக்கித்தான் போட வேண்டும். அப்படியே போட்டாள். சுவரின் நடுக்கட்டத்தில் சின்னவள் மாமியாரைத் தாங்கிப் பிடித்தபடி நடந்தாள். முட்டையக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கையால், தன் உழைப்பில், இவளை ஊருக்கே தூக்கிக் காட்டப் போகிறோம் என்று நினைத்ததும் ஓட்டத்தை நிறுத்தினாள்.

நடுக்கட்டத்தின் வடிவத்தை மாற்றினாள். அகலமாக இருந்ததை ஒல்லியாக, நெட்டுக்குத்தாக ஆக்கினாள். பிறகு அடக்குவதை எடுத்துவிட்டு நிரப்புவதைப் போட்டாள். இரண்டு பக்கமும் வழிந்தது வெட்டுப்பட்டது. மாமியார் முன்னைவிடப் பெரிதாக, கட்டம் நிறைய வந்து நின்றார். சின்னவளைக் காணோம்.

முழங்கையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இன்னும் தெரிந்தன. படத்தை ஒரு மயிரிழை இடது பக்கம் தள்ளி வெட்டினால் போய்விடும். அவள் அதையும் செய்தாள். நடக்கும்போது விரல்கள் முன்னும் பின்னும் ஆடுவதால் ஒரே இடத்தில் வெட்டினால் போதவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு தள்ள வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினாள். எல்லா வீடியோவுக்கும் அப்படியே. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு சுத்தமான வேலை அவள் செய்ததில்லை. முடித்ததும் வட்டத்தை ஓட்டிவிட்டு வளையலை வைத்துப் பார்த்தாள். இம்மியும் பிசகவில்லை. யார் வந்து கேட்டாலும், படத்தைக் கெடுத்தேன் என்று சொல்லட்டும் பார்க்கலாம்!

கேபிள் போடுகிற பெரியவர் சாப்பிட்டுவிட்டு வந்து அவள் பின்னால் நின்றார்.

"ஏம்மா, ஓரத்துல ஒரு பொண்ணு இருந்தாப்ல இருக்கே?"

"இருந்துச்சு."

"ஓரத்துல ஆள் இருந்தா நிரப்பக் கூடாதுன்னு நீதானே எங்க உசிரை வாங்குவே?"

"இது எங்க வீட்டு விஷயங்க. நீங்க கேபிளைப் பாருங்க."

அவர் கேபிளைப் பார்க்கப் போனார்.

விழாவுக்கு முந்தின நாள் சின்னவள் அவள் அறைக்கு வந்தாள். "அக்கா, எங்கம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன். அத்தை நடக்கற வீடியோவைப் போடறீங்களாமே, இவர் சொன்னாரு. அவ்ளோ பெரிய திரையில நான் வரப்போறேன்னு எங்கம்மாகிட்ட சொன்னதும் அவங்களுக்குக் கால் தரையில நிக்கல" என்று சிரித்தாள்.

அப்போதும் நேரம் இருந்தது. கட்டத்தின் வடிவத்தைப் பழையபடி மாற்றி, ஒரே ஒரு பெட்டியில் நிரப்பு என்பதை அடக்கு என்று திருப்பிவிட்டால் போதும், அரை நிமிஷ வேலை. மனசாட்சி லேசாகக் கிள்ளவும் செய்தது. ஆனால் 'கால் தரையில நிக்கல' என்பது காதிலேயே நின்றது. நன்றாகத் தரையில் நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, "வரட்டும், வரட்டும்" என்றாள்.

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. அவள் கடைசி வரிசைக்குப் பின்னால், கருவிகள் வைத்த மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து முன்வரிசையில் மாமியாரின் நரைத்த தலை தெரிந்தது. மூன்றாவது வரிசையில் சின்னவளும் அவள் அம்மாவும் இருந்தார்கள். விளக்கு அணைந்தது. மாணவர்களின் வீடியோக்கள் கட்டம் கட்டமாக வந்தன. சிலர் டீச்சரிடம் வாங்கிய அடியைச் சொன்னார்கள், சிலர் விசில் அடித்துக் காட்டினார்கள். ஒல்லியானவர்கள் ஒல்லியாக, பருத்தவர்கள் பருத்தபடி, ஒரு முகமும் முட்டையாகாமல் வந்து போனார்கள். கடைசியில் நடுக்கட்டம் மட்டும் மிஞ்சியது.

அதில் மாமியார் நடந்தார். தனியாக. ஆள் உயரத்துக்கும் மேலே, கட்டம் நிறைய, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். அரங்கத்தில் சத்தம் அடங்கியது. பிறகு எங்கோ ஒருவர் தட்ட, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. மூன்றாவது வரிசையில் சின்னவளின் அம்மா மட்டும் கழுத்தை நீட்டி நீட்டித் தேடிக்கொண்டிருந்தார். கட்டத்துக்கு வெளியில் ஏதாவது இருக்குமோ என்று சுவரின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் எல்லாம் பார்த்தார். முட்டையக்கா தலையைக் குனிந்துகொண்டு, தேவையே இல்லாமல் ஒரு பொத்தானைத் துடைத்தாள்.

மாமியார் மேடை ஏறினார். மைக் அவருக்குத் தேவைப்படவில்லை. தலைமை ஆசிரியைக்கு நன்றி சொன்னார், மாணவர்களை நாலு திட்டுத் திட்டினார். பிறகு திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தார்.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் அப்படித் தனியா நடக்கல. என்னைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அஞ்சாறு மாசமா யார் எங்களைப் பார்த்தாலும் பிடிச்ச கையைத்தான் பார்த்தாங்க. வாழ்க்கை பூரா புள்ளைங்களை ஓடச் சொன்னவ நான். பிடிச்சுக்கிட்டு நடக்கற என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கல. அந்த வீடியோ எதையும் இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்ல, வேண்டாம்னுட்டேன்." சுவரைக் கை காட்டினார். "இவளுக்கு அது எப்படித் தெரிஞ்சுதோ தெரியல. நான் வாயைத் திறந்து சொன்னதே இல்ல. என்னை நிக்க வச்சிட்டா. தனியா நடக்க வச்சிட்டா. அதோ, பின்னாடி மேஜையில உக்காந்திருக்கால்ல, அவ என் மருமக. என் பெரிய மருமக."

நூறு தலைகள் திரும்பின. அவள் எழுந்து நின்றாள். கேபிள் பெரியவரும் திரும்பி அவளைப் பார்த்தார், ஆனால் அவர் தட்டவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த சொல். கேட்டால் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை, காது மட்டும் சூடாகிக் கிடந்தது.

விழா முடிந்து கூட்டம் மேடைப் பக்கம் நகர்ந்தது. மாமியார் அவளை அழைத்துவரச் சொன்னதாக யாரோ சொல்ல, அவளும் பக்கவாட்டு வழியாகப் போனாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சின்னவளும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாவின் குரல் நன்றாகவே கேட்டது.

"ஏன்டி, நீ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது வரும்னு சொன்னியே. கண்ணு வலிக்கத் தேடினேன். ஒரு எடத்துலகூட உன்னைக் காணோமே?"

சின்னவள் நிமிர்ந்தாள். நாலடி தூரத்தில் நிற்கிற முட்டையக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்தது. சின்னவளுக்குத் தெரியும். வாசல், தெருமுனை, மழை, எல்லாவற்றிலும் தான் எங்கே நின்றோம் என்பது அவளுக்கு மறந்திருக்குமா? முட்டையக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வரட்டும், நாலு பேர் முன்னால் கேட்கட்டும், கேட்டால் கட்டத்தில் அடங்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று வாய்க்குள் பதிலைத் தயார் செய்துகொண்டாள்.

சின்னவள் கண்ணை எடுத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நான் இருக்கற வீடியோவைப் போடுவாங்கன்னு நினைச்சுச் சொல்லிட்டேன்மா. இங்க போட்டது எல்லாம் நான் எடுத்தது. எடுக்கறவ படத்துல வருவாளா?"

"அட, ஆமா" என்று அந்த அம்மா தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பிடிச்சது யாராம்?"

"ஒரு நர்ஸ்மா" என்றாள் சின்னவள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "அக்கா, போங்க, அத்தை உங்களைத்தான் தேடறாங்க" என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது.

மேடையில் மாமியார் அவள் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் "இவ என் மருமக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் ஒவ்வொருவருக்கும் சிரித்தாள். கண் மட்டும் படிக்கட்டுப் பக்கமே போனது. தன்னை வெட்டி எறிந்தவளைக் காப்பாற்றுவதற்காகப் பெற்ற தாயிடம், கண் இமைக்கிற நேரத்தில், அவ்வளவு சுலபமாக ஒரு பொய். தலைகீழாக நின்றாலும் தனக்கு அது வராது என்பது அவளுக்குத் தெரிந்தது. நேற்று வரைக்கும் சின்னவளிடம் இருந்த ஒரு சொல்லுக்காகத்தான் வயிறு எரிந்தது. அந்தச் சொல் கைக்கு வந்துவிட்டது. இப்போது சின்னவளைப் பார்த்தே எரிந்தது.